பட்டியலில் பெயர் ஏற என்ன வேண்டும்? வாசகர் கேள்வி பதில்

பள்ளி விளையாட்டு, கலைப் போட்டி, என்.சி.சி. ஆகியவற்றில் சேர யாருக்குத் தகுதி உண்டு என்று தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் மகள் 9-ஆம் வகுப்பு. கபடியில் பள்ளி அணியில் இருக்கிறாள். முதல் இடைப்பருவத் தேர்வில் கணக்கிலும் அறிவியலிலும் ஃபெயில். "பாஸ் பண்ணாதவங்களை டீமில் அனுப்ப மாட்டோம், அதுதான் ரூல்" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். உண்மையிலேயே அப்படி ஒரு விதி இருக்கிறதா?
– ஒரு தாய், திருத்துறைப்பூண்டி

பதில்: போட்டி விதிகளில் இல்லை அம்மா. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறிப்போகும் பள்ளி விளையாட்டுகளில் கேட்பது மூன்றே விஷயங்கள். அந்தப் பள்ளியில் முறையாகச் சேர்ந்து தினமும் வந்து படிக்கிற மாணவியா, வயது அந்தப் பிரிவுக்குள் வருகிறதா, இரண்டையும் காட்டும் ஆவணங்கள் ஒத்துப்போகின்றனவா. மதிப்பெண் கணக்கில் வராது.

மதிப்பெண்ணை விதியாகவே வைத்திருக்கும் ஊர்கள் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1984-இல் வந்த சட்டப்படி, ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் பள்ளி அணியில் ஆட முடியாது. முதலில் ஆறு வாரத் தடை. 1995-இல் அதை மூன்று வாரமாகக் குறைத்து, தேறிவிட்டால் திரும்பலாம் என்றார்கள். அங்கே எவ்வளவு நாள் தடை, எப்போது திரும்பலாம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. நம் பள்ளிகளில் "பாஸ் பண்ணினால்தான்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லும்போது அந்த இரண்டும் இருக்காது. சிக்கலே அதுதான்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தகுதிப் படிவத்தில் தலைமையாசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் இல்லாமல் எந்தப் பெயரும் மேலே போகாது. எனவே விதி இல்லையென்றாலும் முடிவு அவர் கையில்தான். "சட்டத்தில் இல்லையே" என்று ஆரம்பித்தால் கதவு மூடிவிடும். உடற்கல்வி ஆசிரியரையும் வகுப்பாசிரியரையும் உடன் வைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். கணக்கு ஆசிரியர் எதைப் படிக்கச் சொல்கிறார், எந்தத் தேதிக்குள், பயிற்சி எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, அடுத்த தேர்வுக்கு முந்தைய வாரம் பயிற்சி உண்டா இல்லையா என்று நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். காலை 6 முதல் 7.30 வரை மட்டும் பயிற்சி என்றால் பெரும்பாலான தலைமையாசிரியர்கள் இறங்கி வருவார்கள். மாலைப் பயிற்சி இருட்டும் வரை நீண்டு, பிள்ளை களைத்துப்போய்ப் புத்தகத்தைத் தொடாமல் தூங்குவதுதான் அவர்களுடைய உண்மையான கவலை.

எங்கள் கருத்தைக் கேட்டால், 9-ஆம் வகுப்புப் பெண்ணைக் கபடியிலிருந்து நிறுத்துவதால் கணக்கு வந்துவிடாது. பள்ளிக்கு வர அவளுக்கு இருக்கும் ஒரு காரணம்தான் குறையும். 10-ஆம் வகுப்பு என்றால் இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டோம்.

கேள்வி: மகன் 9-ஆம் வகுப்பு, நீளம் தாண்டுவான். பிறப்புச் சான்றிதழில் 18-9-2012. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது பற்றாததால் பள்ளியில் 18-6-2012 என்று கொடுத்துவிட்டோம். இரண்டு தேதியுமே 14 வயதுப் பிரிவுக்குள்தான் வருகிறது. அப்படியிருந்தும் சான்றிதழ் சரிபார்ப்பில் பெயரை எடுத்துவிட்டார்கள். இது நியாயமா?
– கும்பகோணம் அருகே ஒரு கிராமத்திலிருந்து ஒரு தந்தை

பதில்: முதலில் வயதுக் கணக்கு. பலரும் கேட்டிருப்பதால் ஒரு தடவை விளக்கிவிடுகிறோம். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவு. போட்டி நடக்கும் அன்று என்ன வயது என்று பார்ப்பதில்லை. ஜனவரி 1-ஐ வைத்துப் பார்க்கிறார்கள். கல்வியாண்டு தொடங்கும் ஆண்டிலிருந்து முறையே 13, 16, 18 கழியுங்கள். வருகிற ஆண்டின் ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். 2025–26-க்கு 14 வயதுப் பிரிவென்றால் 1-1-2012, 17 என்றால் 1-1-2009, 19 என்றால் 1-1-2007. டிசம்பர் 30-இல் பிறந்த பிள்ளை இரண்டு நாளில் வாய்ப்பை இழக்கும், ஜனவரி 2-இல் பிறந்தது ஓராண்டு கூடுதலாக ஆடும். ஆதங்கப்பட்டுப் பயனில்லை; எங்காவது ஒரு கோடு போடத்தானே வேண்டும்.

உங்கள் மகனின் இரண்டு தேதியும் கோட்டுக்குள்தான். ஆனால் சரிபார்க்கிறவர் மேசையில் இருப்பது பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவு, ஆதார் என்று இரண்டு மூன்று தாள்கள். அவற்றில் எது உண்மை என்று தீர்ப்பதற்கு அவருக்கு அதிகாரம் இல்லை. தேதி ஒத்துப்போகவில்லை என்றால் அடுத்த பள்ளி ஆட்சேபம் எழுப்பும். அதன் பிறகு அவன் ஜெயித்தாலும் நிற்காது. அதனால் முன்கூட்டியே எடுத்துவிடுகிறார்கள். கடுமைதான், ஆனால் தவறில்லை.

ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிரம்பவேண்டும் என்பதற்காகத் தேதியை மூன்று நான்கு மாதம் முன்னே தள்ளுவது நம் பக்கம் சாதாரணமாக நடந்துவந்தது. பிள்ளைக்கு ஒரு வருடம் மிச்சம் என்று நினைத்துச் செய்கிறார்கள். விளையாட்டைப் பொறுத்தவரை அது தாளில் பிள்ளையை மூப்பாக்குகிறது.

இப்போது செய்யவேண்டியது: தேதியைத் தலைமையாசிரியர் தாமாகத் திருத்த முடியாது. சேர்க்கைப் பதிவேட்டில் கைவைக்க மேலதிகாரியின் ஆணை வேண்டும். பெற்றோர் மனு, பிறந்த சமயத்திலேயே பதிவான பிறப்புச் சான்றிதழ், மருத்துவமனைச் சீட்டு இருந்தால் அதன் நகல் எல்லாவற்றையும் தலைமையாசிரியரின் பரிந்துரையுடன் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஏன் மாறியது என்று கேட்பார்கள். உண்மையை அப்படியே எழுதுங்கள். "எழுத்தர் பிழை" என்று எழுதினால் சேர்க்கை விண்ணப்பத்தில் உங்கள் கையெழுத்துக்கு மேலே அதே தேதி இருக்கும். ஆணை வந்தபின் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரக் கணினித் தொகுப்பு) பதிவு, கடைசியில்தான் ஆதார். ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒரே ஒரு முறைதான் மாற்றித் தருவார்கள். அவசரப்பட்டு அதைப் பள்ளித் தேதிக்கு ஏற்ப மாற்றி வாய்ப்பை வீணாக்கியவர்கள் இருக்கிறார்கள்.

10-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் போவதற்குள் முடித்துவிடுங்கள். அந்தத் தேதி மதிப்பெண் சான்றிதழில் அச்சாகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

கேள்வி: மகளின் பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை, "பெண் குழந்தை" என்று மட்டும் இருக்கிறது. நாங்கள் இருப்பது வேதாரண்யம் பக்கம். எங்கே போய்ப் பெயர் சேர்க்க வேண்டும்?
– வாசகி

பதில்: எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது முக்கியமில்லை, குழந்தை எங்கே பிறந்தது என்பதுதான். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் இங்கே பாதிப் பேருக்கு ஊர் மாறிப்போகிறது. தஞ்சை ராசா மிராசுதார் மருத்துவமனையில் பிறந்திருந்தால் பதிவு தஞ்சாவூர் மாநகராட்சியில் இருக்கும். வேதாரண்யத்தில் தேடினால் கிடைக்காது.

பதிவான முதல் 12 மாதம் வரை பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டு வரை சேர்க்கலாம். மகள் 14-ஐத் தொட்டுவிட்டாள் என்றால் இந்த மாதமே போங்கள். பள்ளியில் பெயர் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே சேர்க்கச் சொல்லுங்கள். தமிழில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, ஆதாரில் இனிஷியலை விரித்துத் தந்தை பெயர் என்று மூன்று விதமாக இருந்தால் சரிபார்ப்பு மேசையில் மறுபடி நிற்க வேண்டிவரும்.

பிறப்பே பதிவாகவில்லை என்றால் வழி வேறு. 21 நாளுக்குள் பதிவது முறை. ஓராண்டு தாண்டிவிட்டால் உரிய நிர்வாக நடுவரின் ஆணை வேண்டும். அதற்குக் கோட்டாட்சியர் அலுவலகத்தை அணுகுங்கள். இப்படித் தாமதமாக வாங்கிய சான்றிதழ் செல்லும். ஆனால் தேசியப் போட்டி வரை போகிற பிள்ளையென்றால் அதைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். வயது மோசடிக்கு எதிரான தேசிய விதித்தொகுப்பு 2010-இலிருந்து இருக்கிறது. சந்தேகம் வந்தால் மருத்துவச் சோதனைக்கு அனுப்பலாம். பெரும்பாலும் இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரே. டேனர்–வைட்ஹவுஸ் முறையில் 13 எலும்புகளின் வளர்ச்சியைப் பார்த்து மதிப்பிடுகிறார்கள். அதில் கிடைப்பது எலும்பின் வயதுதான், பிறந்த தேதி அல்ல; சீக்கிரம் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு வருடம் கூடக் காட்டலாம். அதனால்தான் பிறந்தபோதே பதிந்த தாள் கையில் இருப்பது நல்லது. பிறப்புப் பதிவுத் திருத்தச் சட்டப்படி 1-10-2023 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரமே பிறப்புச் சான்றிதழ்தான். அந்தத் தலைமுறைக்கு இந்தக் குழப்பம் குறையும்.

கேள்வி: திருப்பூரிலிருந்து ஊருக்கே திரும்பி வந்து, மகனை மன்னார்குடியில் 8-ஆம் வகுப்பில் சேர்த்தோம். டி.சி. கொடுத்துவிட்டோம். ஆனால் போட்டிக்குப் பதியும்போது "பெயர் காட்டவில்லை" என்கிறார்கள்.

பதில்: பழைய பள்ளி தாளைக் கொடுத்துவிட்டு, கணினியில் விடுவிக்கவில்லை. எமிஸில் ஒரு மாணவர் விலகும்போது பழைய பள்ளி அவரைப் பொதுத் தொகுப்புக்கு அனுப்ப வேண்டும். ஆசிரியர்கள் காமன் பூல் என்பார்கள். அங்கிருந்துதான் புதிய பள்ளி எடுத்துச் சேர்க்கும். போட்டிப் பதிவு எமிஸ் எண்ணை வைத்தே நடப்பதால், அவன் தினமும் மன்னார்குடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் கணினிக்கு இன்னும் திருப்பூர்ப் பையன்தான்.

டி.சி. நகலில் இருக்கும் எமிஸ் எண்ணைப் பழைய பள்ளிக்குச் சொல்லி விடுவிக்கக் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. கட்டணப் பாக்கி என்று இழுத்தடித்தால், இப்போதைய தலைமையாசிரியர் மூலம் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். 8-ஆம் வகுப்பு வரை டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டம் சேர்க்கைக்குத்தான் உதவும். போட்டிப் பதிவின் கடைசித் தேதி உங்களுக்காகக் காத்திருக்காது. இங்கே குறுவட்டப் போட்டிகளை ஆடி, ஆவணியிலேயே முடிக்கப் பார்ப்பார்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் மைதானத்தில் தண்ணீர் நிற்கும். எனவே ஊர் மாறுகிறவர்கள் ஜூன் மாதமே "பெயர் ஏறிவிட்டதா?" என்று வகுப்பாசிரியரிடம் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மாநிலப் போட்டிக்குப் போனால் வருகைப்பதிவு குறைகிறது. சி.பி.எஸ்.இ. பள்ளியில் 75 சதவீதம் கட்டாயம் என்கிறார்களே?
– தஞ்சாவூர்

பதில்: ஆம், பொதுத்தேர்வு எழுத 75 சதவீதம். நோய், தேசிய அல்லது சர்வதேசப் போட்டி போன்ற காரணங்களுக்கு அந்த வாரியம் 25 சதவீதம் வரை தளர்வு தரும், ஆவணம் இருந்தால். மாவட்டப் போட்டியெல்லாம் அந்தக் கணக்கில் சேராது. அதற்குப் பள்ளி "ஆன் டியூட்டி" போட்டால்தான் உண்டு. எந்த வாரியமானாலும், திரும்பி வந்த வாரமே பங்கேற்புச் சான்றின் நகலை வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். வருகை தினமும் செயலியில் ஏறிவிடுகிறது. பிப்ரவரியில் போய் ஆகஸ்டைத் திருத்தச் சொன்னால் யாரும் செய்யமாட்டார்கள்.

கேள்வி: 10-ஆம் வகுப்பில் சேரும் மகனை என்.சி.சி.யில் சேர்க்கலாமா? வயது 15.

பதில்: வயது தடையில்லை, ஜூனியர் பிரிவுக்கு 12 முதல் பதினெட்டரை வரை. காலம்தான் தடை. ஜூனியர் பிரிவு இரண்டு ஆண்டுப் பயிற்சி. அது முடிந்துதான் 'ஏ' சான்றிதழ்த் தேர்வு. அதற்கும் இரண்டு ஆண்டு அணிவகுப்புகளில் 75 சதவீத வருகையும் ஒரு முகாமும் வேண்டும். 10-ஆம் வகுப்பில் தொடங்குகிறவனுக்குப் பள்ளியே இடம் தராது, காரணம் புரிகிறதல்லவா? சேரவேண்டிய வகுப்பு 8. தம்பி, தங்கை இருந்தால் அவர்களுக்கு நினைவில் வையுங்கள். இவனுக்கு 11-ஆம் வகுப்பில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கும்: ஆண்டுக்கு 120 மணி, இரண்டு ஆண்டில் 240 மணி, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். கல்லூரிக்குப் போனால் என்.சி.சி. சீனியர் பிரிவில் புதிதாகச் சேரலாம். ராணுவ அதிகாரி வேலைக்கு மதிப்புள்ள 'சி' சான்றிதழ் அங்கேதான் கிடைக்கிறது. 'ஏ' இல்லையே என்று வருந்த வேண்டாம்.

கேள்வி: மகன் மெட்ரிக் பள்ளியில் 7-ஆம் வகுப்பு. தவில் நன்றாக வாசிப்பான். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கலைத் திருவிழாவில் மாநிலம் வரை போகிறார்கள். இவனுக்கு ஏன் இல்லை?
– திருவாரூர்

பதில்: கலைத் திருவிழா 2022–23-இல் அரசுப் பள்ளிகளுக்கென்றே தொடங்கியது. 2024–25-இல் அரசு உதவி பெறும் பள்ளிகளையும் சேர்த்தார்கள். மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளிகள் அதில் வரமாட்டா. வித்துவான் வீட்டுப் பிள்ளையே ஆனாலும் அவன் படிக்கும் பள்ளி எந்த வகை என்பதுதான் தகுதி. தனியாக வகுப்புக் கட்டணம் கட்ட வசதியில்லாத பிள்ளைகளுக்கு மேடை தருவதற்காக வந்த ஏற்பாடு அது. அந்த வரம்பு எங்களுக்குச் சரியாகவே படுகிறது.

உங்கள் மகனுக்கு வேறு வழிகள் உண்டு. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் 5 முதல் 16 வயது வரை, எந்தப் பள்ளிப் பிள்ளையும் சேரலாம். மாவட்டக் கலை மன்றம் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரும் கலை இளமணி விருதுக்கும் பள்ளி வகை பார்ப்பதில்லை; ஆனால் மேடையில் வாசித்ததற்கான ஆதாரம் கேட்பார்கள். கோயில் உற்சவத்தில் வாசித்தால் அழைப்பிதழ், நோட்டீஸ், புகைப்படம் மூன்றையும் இப்போதிலிருந்தே கோப்பில் போட்டு வையுங்கள். 9-ஆம் வகுப்பு வந்தபின் மத்தியக் கல்வி அமைச்சகம் 2015-இலிருந்து நடத்தும் கலா உத்சவ் இருக்கிறது. அதில் தனியார் பள்ளி மாணவர்களுக்கும் இடமுண்டு.

கேள்வி: எங்கள் வாலிபால் அணியில் ஒருவனுக்குக் காலில் அடி. பக்கத்துப் பள்ளியில் நன்றாக ஆடும் பையன் இருக்கிறான். குறுவட்டம்தானே, அவனை எங்கள் பெயரில் இறக்கினால் என்ன ஆகும்?
– அணித் தலைவன், மயிலாடுதுறை மாவட்டம்

பதில்: என்ன ஆகும் என்றால், தம்பி, எதிரணியில் அவன் தெருக்காரன் ஒருவன் கட்டாயம் இருப்பான். ஆட்சேபம் எழுதிக் கொடுத்த நிமிடத்தில் உங்கள் எமிஸ் பட்டியலையும் தகுதிப் படிவத்துப் புகைப்படத்தையும் எடுத்துப் பார்ப்பார்கள். பொய் வெளிப்பட்டால் வெளியே போவது அவன் மட்டுமல்ல, மொத்த அணியும். படிவத்தில் கையெழுத்துப் போட்ட தலைமையாசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் விளக்கம் எழுதவேண்டி வரும். அடுத்த ஆண்டு உங்கள் பள்ளியிலிருந்து எந்தப் பட்டியல் போனாலும் இரண்டு முறை புரட்டிப் பார்ப்பார்கள்.

அடிபட்டவனுக்குப் பதில் ஆள் வேண்டுமென்றால் உங்கள் பள்ளிக்குள்ளேயே பாருங்கள். வயது குறைந்தவன் மேல் பிரிவில் ஆடலாம். 13 வயதுக்காரன் 17 வயதுப் பிரிவில் ஆடத் தடையில்லை. மேலிருந்து கீழே இறங்கத்தான் முடியாது. ஆனால் ஒரே ஆட்டத்தில் இரண்டு பிரிவுக்கும் ஒருவன் பெயரைக் கொடுத்துக் குழப்பாதீர்கள். வாலிபாலில் 12 பெயர் வரை எழுதலாம் என்றிருக்க, ஆறு பேரோடு ஒன்றிரண்டு சேர்த்து எட்டுப் பெயரோடு பட்டியலை அனுப்புவதுதான் பல பள்ளிகள் செய்யும் காரியம். பன்னிரண்டையும் நிரப்பி அனுப்பச் சொல்லி உடற்கல்வி ஆசிரியரிடம் இப்போதே கேளுங்கள்.

கேள்வி: விளையாட்டு விடுதியில் சேர எந்த வகுப்பில் தேர்வு?

பதில்: தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணைய விடுதிகளுக்கு 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேரவிருப்போரை எடுக்கிறார்கள். 10-க்கும் 12-க்கும் இல்லை. தேர்வு கோடையில், பெரும்பாலும் முழு ஆண்டுத் தேர்வை ஒட்டி நடக்கும். அறிவிப்புக்கும் கடைசித் தேதிக்கும் இடையே அதிக நாள் இருக்காது. தஞ்சாவூர்க்காரர்கள் அன்னை சத்யா விளையாட்டரங்கத்தில் உள்ள மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். மற்ற மாவட்டத்தார் அவரவர் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். விடுதியில் சேர்ந்த பிள்ளை, அங்கே படிக்கும் பள்ளிக்காகத்தான் ஆட முடியும். சொந்த ஊர்ப் பள்ளி அணிக்கு விடுமுறையில் வந்து ஆட முடியாது.